பச்சைக் குடைக்காகக் காத்திருந்த காலை ஷிப்ட்

1. புறா பறந்த பக்கம்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த ஜப்பானிய வெப்சைட்டில் ஜப்பானிய எழுத்து ஒன்றுகூட இல்லை. என் லேப்டாப்பில் திறந்து பார்த்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகளும் வெற்றுக் கட்டங்களும்தான். மேலே ஒரு சிலுவை, பின்னால் சூரிய உதயம், அதற்கு மேலே ஒரு வெள்ளைப் புறா இடமிருந்து வலமாக ஓயாமல் பறந்துகொண்டிருந்தது. புறா மட்டும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒழுங்காகத் தெரிந்தது.

எட்வின் அண்ணாச்சி தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதில் எல்லாம் அழகாக இருந்தது. காரணம் சாதாரணமானது. பக்கத்தை இன்ன எழுத்துமுறையில் படி என்று பிரவுசருக்குச் சொல்லும் ஒரு வரியை யாரோ விட்டுவிட்டார்கள். அவர் கம்ப்யூட்டரில் அதை முன்பே கையால் மாற்றி வைத்திருந்தார்கள்.

"அப்போ ஜப்பான்ல இருக்கவங்க இவ்வளவு நாளா எதம்மா பாத்தாங்க?" என்று கேட்டார்.

"புறாவைத்தான் அண்ணாச்சி."

தாடையைத் தடவினார். பிறகு, "சரி, கர்த்தர் உன்னய அதுக்குத்தான் அனுப்பியிருக்காரு. சம்பளம் மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கும்" என்றார். அதுதான் என் இன்டர்வியூ.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். சிப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பெனி வேலையாக ஜப்பானுக்குப் பல முறை போய் வந்திருக்கிறார். அங்கே தனக்குக் கிடைத்த உபசாரத்துக்குப் பதிலாகத் தன்னிடம் இருப்பதிலேயே மேலானதை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரிடம் இருந்ததில் மேலானது அவருடைய விசுவாசம். மில்பிடாஸில் ஒரு இந்திய மளிகைக்கடைக்கு மேலே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து ஊழியம் தொடங்கிவிட்டார். பே ஏரியா, நியூஜெர்சி, டெக்சாஸ் தமிழ்ச் சபைகள் சில கைகொடுத்தன.

நான் பாளையங்கோட்டை. சென்னைக் கம்பெனி என்னை ஜப்பானில் கவாசாகிக்கு அனுப்பியதில் சில வருடம் அங்கே டெஸ்டிங் வேலை பார்த்து, பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டேன். பிறகு கல்யாணம், சான் ஹோசே. டாட்காம் கம்பெனிகள் வரிசையாக விழுந்தபோது என் கம்பெனியும் விழுந்தது. ஜப்பானிய மொழி தெரிந்த, வேலை இல்லாத, சி.எஸ்.ஐ. சபைப் பெண் ஒருத்தி பக்கத்திலேயே இருக்கிறாள் என்று அண்ணாச்சிக்கு யார் சொன்னார்களோ, போன் வந்துவிட்டது.

2. பேரு ஊரு

எங்களோடு மூன்றாவதாக ஹருகோ சான் இருந்தார். சான் என்பது ஜப்பானில் பெயருக்குப் பின்னால் போடும் மரியாதை. அறுபதைத் தாண்டியவர். அமெரிக்கரைக் கட்டிக்கொண்டு வந்து பல காலமாக சான் ஹோசேயில் இருந்தார். நான் எழுதும் ஜப்பானிய மொழியைத் திருத்துவது அவர் பொறுப்பு. நான் எழுதுவது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் படித்தால் வாஷிங் மெஷின் மேனுவல் மாதிரி இருக்கிறது என்று முதல் வாரமே சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

அவர் செய்த முதல் காரியம் புறாவைத் தூக்கியது. ஜப்பானில் ஜனங்கள் ரயிலில் நின்றுகொண்டு செல்போனில் இன்டர்நெட் படிக்கிறார்கள், அந்தச் சின்னத் திரைக்கு இந்தப் பக்கம் தாங்காது என்றார். அன்றைக்கு அமெரிக்காவில் செல்போன் என்றால் பேசுவதற்கு மட்டும்தான். அண்ணாச்சி நம்பவில்லை. நானும் ஹருகோ சானும் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடி, படமே இல்லாமல் எழுத்து மட்டும் வைத்து செல்போனுக்கென்று தனிப் பக்கம் போட்டோம். தினம் நாலைந்து வரிகள். கீழே எல்லோரும் பார்க்கும்படி ஒரு கெஸ்ட்புக். எங்களுக்கு மட்டும் வருகிற மாதிரி ஒரு தனிப்பெட்டி.

அந்தப் பெட்டியில் முதலில் பெயர், வயது, ஊர், போன் நம்பர் எல்லாம் கேட்டிருந்தது. கடைசியில் 'இன்று இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன்' என்று டிக் பண்ண ஒரு கட்டம். ஹருகோ சான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செய்தி எழுதும் இடத்தையும், என்ன பெயர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் ஒரு வரியையும் மட்டும் விட்டார்.

"பேரு ஊரு இல்லாம எப்படிம்மா ஜெபிக்கது?" என்றார் அண்ணாச்சி. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். எங்கள் சபைகளில் ஜெபக் குறிப்பு என்றால் இன்ன தெரு, இன்னாரின் மூத்த மகள், இன்ன வியாதி, இன்ன ஆஸ்பத்திரி என்று ஆலயத்தில் மைக்கில் வாசிப்பார்கள். வாசிக்காமல் விட்டால்தான் வருத்தப்படுவார்கள். ஆண்டவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியும், ஜெபிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார்.

3. வானிலை அறிக்கை

எனக்குக் காலை ஷிப்ட். மகளை டேகேரில் விடுவது வீட்டுக்காரர் வேலை. நான் ஆறு மணிக்கெல்லாம் ஃப்ரீவேயில் வந்து கடை மாடியில் உட்கார்ந்துவிடுவேன். அப்போது ஜப்பானில் வீட்டு வேலைகள் முடிந்து படுக்கப் போகும் நேரம். கீழே கடையில் மசால்வடைக்கு மாவு அரைக்கும் சத்தம் கேட்கும். என் உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். அந்த அறைக்கு ஏங்குகிற மாதிரி வேறெதற்கும் ஏங்கியதில்லை.

கெஸ்ட்புக்கில் பச்சைக் குடை என்ற பெயரில் ஒருவர் எழுதத் தொடங்கினார். அவர் வைத்திருந்த பெயர் அதுவல்ல, நான் மாற்றியிருக்கிறேன். முதல் நாள், 'இன்று பனி' என்று மட்டும் இருந்தது. நான், 'இங்கே பனியே கிடையாது, மூடுபனி உண்டு' என்று பதில் போட்டேன். மறுநாள், 'பனி உருகிவிட்டது' என்று வந்தது. இப்படியே போனது. பிளம் மரம் பூத்தது, தகரக்கூரையில் மழை, பூனைக்குச் சளி. நான் சான் ஹோசே வெயிலைப் பற்றியும் மகளுக்குப் பல் முளைத்ததைப் பற்றியும் எழுதினேன்.

நான் வரும் செய்திகளையெல்லாம் தமிழில் மொழிபெயர்த்து அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டும், அது என் வேலை. சில மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, சபைகளுக்கு நான் ரிப்போர்ட் அனுப்பணும். சுவிசேஷம் சொல்லுதோம்னு நெனச்சுட்டு இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் வானிலை அறிக்கை வாசிச்சிட்டு இருக்கீங்க."

ஹருகோ சானிடம் சொன்னேன். அங்கே ஒருவர் வீட்டுக்குள் நம்மைக் கூப்பிடுவதற்கு முன் வாசலில் நின்று நிறைய நாள் மழையைப் பற்றிப் பேசுவார் என்றார். எனக்கும் பாதி நம்பிக்கைதான். ஆனால் பச்சைக் குடை ஒரு நாள் எழுதாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. அவர் எழுதும்வரை டீயைக்கூடத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வருடம் போல் ஆகியிருக்கும். ஒரு காலை கெஸ்ட்புக்கில் ஒன்றும் இல்லை. தனிப்பெட்டியில் இருந்தது.

'என் கணவர் இறந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. வீட்டில் அவருக்கென்று ஒரு சிறிய மாடம் உண்டு. காலையில் வடிக்கும் முதல் சோற்றை அங்கே அவருக்கு வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். உங்கள் பக்கத்தைப் படித்தால் மனம் ஆறுகிறது. உங்கள் கடவுளிடம் வந்தால் அவருக்குச் சோறு வைப்பதை நிறுத்த வேண்டுமா? நிறுத்த வேண்டும் என்றால் என்னால் வர முடியாது. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இதை வேறு யாரிடமும் கேட்டதில்லை.'

நான் அழுதேன். கீழே போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மொழிபெயர்த்தேன்.

4. வெள்ளிக்கிழமை மெயில்

என்ன பதில் எழுதுவது என்று மூன்று பேரும் ஒத்துப்போகவில்லை. அண்ணாச்சி வசனங்களோடு உடனே எழுதிவிட வேண்டும் என்றார். ஹருகோ சான் தன் அப்பாவின் மாடத்தை விட்டு வந்த பிறகு பல வருடம் தூக்கம் வராமல் தவித்தவர், அவசரப்படாதீர்கள் என்றார். நான் நடுவில் நின்றேன். சில நாள் யோசிப்போம், அதுவரை 'உங்கள் கேள்வி கிடைத்தது, யோசித்து எழுதுகிறோம்' என்று மட்டும் கெஸ்ட்புக்கில் ஒரு வரி போடுவோம் என்று முடிவானது.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வழக்கம்போல ஜெபக் குறிப்பு மெயிலை அனுப்பினார். மூன்று மாநிலத் தமிழ்ச் சபைகளுக்கும் போகும். சனிக்கிழமை காலையில் எல்லோரும் கான்ஃபரன்ஸ் காலில் சேர்ந்து அதை வைத்து ஜெபிப்பார்கள். இந்த முறை முதல் குறிப்பே பச்சைக் குடை. அவர் கணவர், மாடம், சோறு, எல்லாம் இருந்தது. கீழே வெப்சைட் லிங்க்கும் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை வந்து கெஸ்ட்புக்கைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஆங்கிலம். இடையிடையே ஆங்கில எழுத்தில் தமிழ். அன்புச் சகோதரி பச்சைக் குடைக்கு ஸ்தோத்திரம். உங்கள் கணவர் இறந்ததைக் கேள்விப்பட்டோம். உங்களுக்காக உபவாசம் இருந்தோம். நியூஜெர்சியில் ஒரு குடும்பம் தங்கள் போன் நம்பரையே கொடுத்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றது. டெக்சாஸ் ரவுண்ட் ராக்கிலிருந்து ஒரு ஆன்ட்டி எல்லாம் பெரிய எழுத்தில், அந்த மாடத்தை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியே தூக்கிப் போடுங்கள், சமாதானம் வரும் என்று எழுதியிருந்தார். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. இதை எழுதும்போதுகூட அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று வந்தது.

எல்லாவற்றையும் அழித்தேன். ஆனால் இரண்டு நாள் அது அங்கே இருந்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் எழுதுகிற மற்றவர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள். பச்சைக் குடையின் மெயில் முகவரி எங்களிடம் கிடையாது. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. மன்னிப்புக் கேட்கக்கூட வழி இல்லை.

அண்ணாச்சி வந்ததும், திரையிலிருந்து அழித்துவிட்டதை நானே வாயால் சொன்னேன். மரியாதையை மறந்து கத்தியிருப்பேன். அவர் கடைசியில்தான் கேட்டார்.

"ஜெபிக்கச் சொன்னது தப்பாம்மா?"

அவர் சம்சாரம் இறந்தபோது இதே ஜெபக் குறிப்புதான் போனது. பே ஏரியா முழுக்க இருந்து ஜனங்கள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார்கள். மனுஷன் எழுந்து நடமாடியதே அதனால்தான். தனக்குக் கிடைத்ததைத்தான் அவர் பச்சைக் குடைக்கும் கொடுக்கப் பார்த்தார்.

அதன் பிறகு பச்சைக் குடை வரவில்லை. பிளம் மரம் மறுபடி பூத்திருக்கும், எனக்குத் தெரியாது. தினம் ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். வேறு பலர் எழுதினார்கள், பதில் போட்டேன். டீ குடித்தேன். ருசி இல்லை.

5. இரண்டாவது கப்

பிறகு ஹருகோ சான் கெஸ்ட்புக்கையே மூடிவிட்டார். அந்த இடத்தில், 'நாங்கள் சத்தமாகப் பேசிவிட்டோம், மன்னியுங்கள்' என்று ஒரு வரி போட்டார். விளக்கம் எதுவும் இல்லை. பச்சைக் குடை இன்னும் படிக்கிறாரா என்று, வந்துபோகிறவர்கள் பதிவாகும் சர்வர் லாகில் பார்க்க முடியாதா என்று அண்ணாச்சி கேட்டார். முடியாது. அங்கே செல்போனில் வருகிறவர்கள் எல்லோரும் போன் கம்பெனியின் ஒரே வாசல் வழியாகத்தான் வருவார்கள். யார் யார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஆனால் பதில் பாக்கி இருந்தது. கேட்டவர் போய்விட்டாலும் கேள்வி எங்களிடம் இருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஹருகோ சான் ஆங்கிலத்தில் மெதுவாக அண்ணாச்சியைக் கேட்டார். மனைவி இறந்த பிறகு, ஜனங்கள் எல்லோரும் போன பிறகு, உங்களுக்கு எது துணையாக இருந்தது?

அண்ணாச்சி ஜெபம் என்றார். வேதம் என்றார். அப்புறம் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் கல்லறைக்குப் போவேன். பிளாஸ்க்ல டீ கொண்டுட்டுப் போவேன். ரெண்டு கப். ஒண்ணு எனக்கு, ஒண்ண ஊத்தி அவ பக்கத்துல வச்சிருவேன். அவ குடிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்மா. அவ எங்க இருக்கான்னும் தெரியும். ஆனாலும் ஊத்தாம எனக்குக் குடிக்க முடியல. கெளம்பும்போது அதையும் நானே குடிச்சிட்டு வந்துருவேன். இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல."

ஊரில் உள்ள அத்தனை பேருடைய கஷ்டத்தையும் மெயிலில் போட்ட மனுஷன், இதை ஒரு ஜெபக் குறிப்பிலும் போடவில்லை. அது அவருக்கே அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். முகம் அப்படியே மாறிவிட்டது. நான் ஹருகோ சானுக்கு மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து அண்ணாச்சிக்குத் தலை தாழ்த்தி வணங்கிவிட்டு, இதைப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டார்.

அண்ணாச்சி அன்று பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சபைக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, தன் மனதில் மட்டும் வைத்திருந்ததை முன்பின் தெரியாதவர்கள் படிக்கப்போகிறார்களே என்ற கூச்சம் பெரிது. அந்த வார வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்பு மெயில் போகவில்லை. நியூஜெர்சியிலிருந்து போன் பண்ணி, சர்வர் ரிப்பேரா என்று விசாரித்தார்கள்.

திங்கட்கிழமை வந்து, "போடும்மா. என் பேரு மட்டும் போடாண்டாம்" என்றார்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். வசனம் இல்லை. சோறு வைக்கலாம், வைக்கக்கூடாது என்று எதுவும் இல்லை. கல்லறை, பிளாஸ்க், இரண்டு கப். தன் மனைவியை மறுபடி பார்ப்பேன் என்று அவர் நம்புவதை ஒரு வரியில் சேர்த்தோம், அதை விட்டால் அவர் அவராக இருக்க மாட்டார். ஹருகோ சான் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. இந்த முறை வாஷிங் மெஷின் மேனுவல் மாதிரி இல்லை என்று மட்டும் சொன்னார்.

6. அறையைக் காலி செய்த வாரம்

பதில் வரவில்லை. அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. அந்தச் சின்னப் பகுதியை மட்டும் நாங்கள் எடுக்கவே இல்லை. தினசரி வரிகள் மாறும், அது அப்படியே இருக்கும். அண்ணாச்சி இதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். மெயிலை மறுபடி அனுப்பத் தொடங்கியபோது, பேரும் ஊரும் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் போட்டார். மெயில் பாதியாகச் சுருங்கியது. சனிக்கிழமைக் காலில் சிலர் முணுமுணுத்தார்கள்.

2009-இல் பொருளாதாரம் படுத்துவிட்டது. சபைகளால் முன்போலக் கைகொடுக்க முடியவில்லை. ஜப்பானிலும் போன்கள் மாறிவிட்டன. எங்கள் சின்னப் பக்கம் புதுப் போன்களில் பழைய கட்டங்களாகத் தெரிந்தது, நான் முதல் நாள் பார்த்த மாதிரியே. எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசியோடு மூடுகிறோம் என்று ஒரு அறிவிப்பும் எங்கள் மெயில் முகவரியும் போட்டோம்.

அறையைக் காலி செய்துகொண்டிருந்த வாரம், மேசை நாற்காலிகூடப் போய்விட்டது, கம்ப்யூட்டர் தரையில் இருந்தது. ஆறு மணிக்கு வழக்கம்போலத் திறந்தேன். மெயிலின் தலைப்பு, 'இன்று பனி'.

நான் படித்துவிட்டு இரண்டு பேருக்கும் போன் பண்ணினேன். வந்தார்கள். தரையில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நீண்ட கடிதம். ஹருகோ சான் திரையில் தானே படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். முடித்ததும் அண்ணாச்சி, "இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன். கீழே வடை மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி, "ஏம்மா, இத யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிராத" என்றார். "நாம மூணு பேருக்குப் போதும்."

இப்போது இன்டர்நெட்டில் ஊழியம் செய்கிற இளையவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். அவர்களிடம் உள்ள வசதி எங்களிடம் இருந்ததில்லை. முதல் கேள்வியே, உங்கள் சைட்டால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான். தெரியாது என்கிறேன். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் அதையும் சொல்வதில்லை. ஒருவர் நம்மிடம் சொன்னது நம்மிடம் சொன்னது, ஊருக்குச் சொன்னதல்ல. அன்பினால்கூட அதை எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது. அந்த மாடியில் நான் கற்றுக்கொண்ட தொழில் அவ்வளவுதான். பச்சைக் குடையின் கேள்வியை இங்கே எழுதியதுகூட, அதை நாங்கள் ஏற்கெனவே ஊரறியச் செய்துவிட்டோம் என்பதாலும், எழுதுங்கள் என்று அவரே பிறகு சம்மதித்ததாலும்தான். அண்ணாச்சியின் பேரும் அவரைக் கேட்டுக்கொண்டு போட்டதுதான்.

கடிதத்தின் கடைசியில், இரண்டு விஷயத்தை மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று எழுதியிருந்தார். அவர் நலமாக இருக்கிறார் என்பது ஒன்று. மற்றது அண்ணாச்சிக்கு: 'மனைவிக்கு வைத்த டீ ஆறிப்போயிருக்கும். அவரை முதலில் அதைக் குடிக்கச் சொல்லுங்கள், தன்னுடையதைப் பிறகு குடிக்கட்டும். நான் காலையில் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.'